சொந்தச் சாகுபடி

அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது, பதினொன்று பத்துக்கு எழுந்துகொள்ளலாம், அதுவரை மயக்கம் வருகிறதா, மூச்சு முட்டுகிறதா, நாக்கு தடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும், கவனிக்கச் சொல்லிவிட்டால் எல்லாமே வருகிற மாதிரிதான் இருக்கிறது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பார்க்கிறேன். தடித்த மாதிரி இல்லை. இருந்தாலும் மறுபடி அழுத்திப் பார்க்கிறேன். இடது தோளில் ஊசி போட்ட இடம் வலிக்கவில்லை, சாயங்காலம்தான் வலிக்கும், முதல் ஊசிக்கு அப்படித்தான் இருந்தது, மார்ச்சில் போட்டது, மே மாதம் எனக்கே காய்ச்சல் வந்து பதினோரு நாள் படுத்துவிட்டதில் இரண்டாவது ஊசி இவ்வளவு தள்ளிப்போய்விட்டது. வி.ஏ.ஓ. நீங்களே இன்னும் இரண்டாவது ஊசி போடவில்லை, எங்களை மட்டும் எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று காலையில் ஒருத்தர் கேட்டேவிட்டார். ஏழு மணியிலிருந்து பள்ளிக்கூட வாசலில் நின்று கத்தியதில் தொண்டை கட்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை, ஊரே கறி எடுக்கப் போகிற நேரத்தில் ஊசிக்கு வா என்றால் யார் வருவார்கள், ஆனாலும் நூற்றிப்பத்துப் பேர் வந்துவிட்டார்கள், தலையாரி காசிமாயன் வீடு வீடாகப் போய் இழுத்துக்கொண்டு வந்தார். கூட்டம் குறைந்ததும் நானும் சேலைத் தலைப்பை இறக்கிக் கையை நீட்டிவிட்டு இந்த ஐந்தாம் வகுப்பு அறைக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பினாயில் வாசனை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் இடிக்கிறது. இந்த அரை மணி நேரம் யாரும் என்னிடம் எந்தச் சான்றும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தபோது சுகமாகக்கூட இருந்தது. அப்போதுதான் வாசலில் நர்ஸ் பெயர் கேட்கிற சத்தம் வந்தது. "பேரு சொல்லுங்கம்மா." "சீனியம்மா." "வயசு?" "நாப்பத்தெட்டுன்னு போட்டுக்கங்க."

சீனியம்மா உள்ளே வந்து எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முகக்கவசம் போட்டு, அதற்கு மேல் முந்தானையை இழுத்து மூடியிருந்தாள், எனக்குத் தெரிவது பின்கழுத்தும் கொண்டையும்தான், கொண்டை சிறுத்துவிட்டது, கழுத்து எலும்பு தெரிகிறது, போன வருஷம் இப்படி இல்லை. பதினாறு மாதம். வேண்டாமென்று தள்ளினாலும் மனசு கூட்டிப் பார்த்துவிடுகிறது. போன வருஷம் மே மாதத்திலிருந்து இந்த செப்டம்பர் வரை பதினாறு மாதம் இவளை நான் நேரில் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொன்னால் பொய், இரண்டு தரம் பஸ் ஸ்டாப்பில் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு பால் சொசைட்டி வழியாகப் போயிருக்கிறேன். இப்போது திருப்பிக்கொண்டு போக வழியில்லை. நான் உள்ளே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. நானும் முகக்கவசம் போட்டிருக்கிறேன், கடைசி பெஞ்சு, வெளிச்சத்திலிருந்து வருகிறவளுக்கு அறைக்குள் கண் தெரியவே இரண்டு நிமிஷம் ஆகும். ஆனால் காலையிலிருந்து வாசலில் நின்று கத்தியது நான்தானே, என் குரல் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். தெரியாமல் இருக்குமா. தெரிந்தால் திரும்பிப் பார்க்க மாட்டாளா. கடிகாரத்தில் பத்து நாற்பத்தேழு. எனக்கு முந்தி ஊசி போட்டாகிவிட்டது, அதனால் எனக்குத்தான் முதலில் நேரம் முடியும், நான்தான் முதலில் எழுந்து அவளைத் தாண்டிப் போக வேண்டும். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. இது ஊசியாகவும் இருக்கலாம். நர்ஸிடம் சொல்லலாமா, சொன்னால் வந்து நாடி பிடிப்பாள், என்ன செய்யுதும்மா என்று சத்தமாகக் கேட்பாள், வேண்டாம்.

நான் காசு வாங்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை, ஆனால் குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் எனக்குள் இது ஓடிக்கொண்டே இருக்கிறது, நான் காசு வாங்கவில்லை, ஒரு ரூபாய் வாங்கவில்லை, சர்வீஸில் சேர்ந்த பதினொரு வருஷத்தில் ஒரு டீ கூட. எண்பது சென்ட் சம்பங்கி. கிழக்கே ஓடைக் கரையில், சௌந்தரபாண்டியன் பெயரில் பட்டா. அவர் திண்டுக்கல்லில் வீடு கட்டிப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, பால் வாங்கி அனுப்புகிற தொழில், நாலு வேன் ஓடுகிறது, அவர் கை மண்வெட்டி பிடித்து யாரும் பார்த்ததில்லை. நிலத்தைச் சீனியம்மாதான் குத்தகைக்கு வைத்திருந்தாள், வாய்ப்பேச்சுக் குத்தகை, ஆடிக்கு ஆடி பணம் கொடுத்துவிடுவாள். புருஷன் இறந்த பிறகு அவளே கிழங்கு வாங்கி ஊன்றி, களை வெட்டி, விடியுமுன் தனியாளாகப் பூவெடுத்து, ஆறு மணி மினி பஸ்ஸில் நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள், சாக்கு மூட்டையோடு அவளை அந்த பஸ்ஸில் பார்க்காத நாள் கிடையாது என்று டிரைவரே சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிய வேண்டியதுதான் என் வேலை. யார் நிலத்தில் யார் உழுகிறார்கள், எதில் கடலை, எதில் பூ, எது தரிசு, மாதா மாதம் நடந்து பார்த்து அடங்கல் பதிவேட்டில் எழுதத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது.

ஊரடங்கு போட்டதும் மார்க்கெட் மூடிவிட்டார்கள். கல்யாணம் இல்லை, கோயில் இல்லை, சாவு வீட்டுக்குக்கூட மாலை இல்லை. ஏப்ரலில் ஒருநாள் ஓடைப் பக்கம் போயிருந்தேன், வெளியூரிலிருந்து வந்தவர்கள் யாராவது தோட்டத்து வீட்டில் தங்கியிருக்கிறார்களா என்று கணக்கெடுக்க. கிணற்று மேட்டில் ஏறினபோதே வாசனை அடித்தது, நல்ல வாசனை இல்லை, பூ அழுகினால் ஒரு புளித்த நெடி வரும், அது. கிணற்றுக்குப் பக்கத்தில் சம்பங்கி மலை மாதிரி குவிந்து கிடந்தது, அடியில் பழுப்பாக, மேலே அன்றைக்குப் பறித்த வெள்ளை. சீனியம்மா கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். "விக்கவே முடியாதுன்னா எதுக்குங்க பறிக்கிறீங்க, செடியிலயே விட்டுற வேண்டியதுதானே?" என்று கேட்டேன். என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "விட்டா குருத்து அடுத்த பூ தள்ளாதும்மா. பறிச்சே ஆகணும். பறிச்சுக் கொட்டணும்." கொஞ்ச நேரம் நின்றேன். கூடை விளிம்பில் ஒட்டியிருந்த பூவை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை. மூன்று மணிக்கு எழுந்து, டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு, குப்பையில் கொட்டுவதற்காக நாற்பது நாள் பூப் பறித்தவள். இதை நான் பார்த்தேன். யாரோ சொல்லிக் கேட்டது இல்லை, என் கண்ணால் பார்த்தேன், ஐந்தடி தூரத்தில் நின்று.

பூ விவசாயிகளுக்கு நிவாரணம் என்று மே மாதம் அறிவித்தார்கள். பரப்பளவைப் பொறுத்துப் பணம், வங்கிக் கணக்கில் நேராக வரும், வி.ஏ.ஓ. சாகுபடிச் சான்று கொடுக்க வேண்டும், யார் சாகுபடி செய்கிறாரோ அவர் பெயருக்கு. படித்துப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் குவியல்தான், சத்தியமாக, சீனியம்மாவுக்குச் சொல்லிவிடச் சொல்லிக் காசிமாயனை அனுப்பியதே நான்தான். அதை யார் நம்புவார்கள். சொல்லி அனுப்பியவளும் நானே, இல்லை என்று எழுதியவளும் நானே. அவள் மறுநாளே வந்துவிட்டாள், ஆதார், பாஸ்புக், ஒரு போட்டோ எல்லாவற்றையும் நகைக்கடை பிளாஸ்டிக் கவரில் போட்டு. ஆபீஸ் வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருந்தோம், கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் சௌந்தரபாண்டியன் போன் செய்தார்.

இல்லை, போனுக்கு முன்னால் வேன். வேனைத்தான் நான் ஒவ்வொரு தரமும் தாண்டிக்கொண்டு போகிறேன். ஷீபா, என் மகள், திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டாள், மெஸ்ஸை மூடிவிட்டார்கள், இருபத்திரண்டு பிள்ளைகள் ரொட்டியைத் தின்றுகொண்டு கிடந்தார்கள், அவள் அப்பா குவைத்தில், பிளேன் கிடையாது, நான் இங்கே, பஸ் கிடையாது. பாஸ் கேட்டு மூன்று முறை விண்ணப்பித்தேன், மூன்று முறையும் தள்ளுபடி, வருவாய்த் துறையில் வேலை செய்கிறவளுக்கே இந்தக் கதி. அம்மா எனக்குப் பயமா இருக்கும்மா என்று பிள்ளை போனில் அழுகிறாள். யாரோ சொல்லி சௌந்தரபாண்டியனுக்குத் தெரிந்து, பால் வேனுக்குத் தடை இல்லை மேடம், நம்ம வண்டி திருச்சி வரைக்கும் போகுது, வரும்போது பாப்பாவை ஏத்திக்கிட்டு வந்துரச் சொல்றேன் என்றார். ஏத்திக்கொண்டு வந்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் பையை வைத்துக்கொண்டு, வழியெல்லாம் நின்று நின்று ஏழு மணி நேரம். வேனிலிருந்து இறங்கினபோது அவள் மேலெல்லாம் பால் வாசனை. கட்டிப்பிடிக்கக்கூடாது என்று தெரிந்தும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதற்கு அவர் பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை. அவரும் காசு வாங்கவில்லை, நானும் காசு வாங்கவில்லை. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் போன். பாப்பா எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு, அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர் தங்கச்சி என்றார்.

"ரூபாய்க்காகச் சொல்லல தங்கச்சி. இந்த நிவாரணம் எனக்கு ஒரு நாள் டீசல் செலவு. ஆனா அந்தம்மா பேரு அரசாங்கக் காகிதத்துல ஏறிருச்சுன்னா நாளைக்கு நான்தான் குத்தகைதாரர்னு கேஸ் போட்டுரும், எங்கப்பா காலத்து நிலம் கோர்ட்டுக்குப் போயிரும். பட்டா யாரு பேருல இருக்கோ அவங்க பேருக்குக் குடுங்க. நான் என்ன தப்பாவா கேக்கேன்?" நான் சொன்னேன், சாகுபடி அவங்கதானேண்ணே செய்யுறாங்க என்று. சொன்னேன். ஒருதரம் சொன்னேன். "யாரு இல்லைன்னா? வர்ற பணத்த அப்படியே அந்தம்மா கையில குடுத்துர்றேன். போதுமா? அதுக்கும் நட்டமில்ல, எனக்கும் பிரச்சினை இல்ல, உங்களுக்கும் வேலை சுத்தம்." அது எவ்வளவு நியாயமாகக் கேட்டது அப்போது. பணம் எப்படியும் அவளுக்குப் போகப்போகிறது, பெயர் மட்டும்தானே அவருடையது, குத்தகைப் பத்திரமும் இல்லை, நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் நான் எதைக் காட்டுவேன். ஒவ்வொன்றாக எனக்கு நானே எடுத்துவைத்தேன். மறுநாள் சீனியம்மா கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும்போதே எழுதினேன். சாகுபடி செய்பவர் என்கிற கட்டத்தில் நில உரிமையாளர், சொந்தச் சாகுபடி. இரண்டு வார்த்தை. பேனா மக்கர் பண்ணாமல் எழுதியது. பத்திரம் இருந்தால்தான் உங்க பேருக்குத் தர முடியும்மா என்றேன். "வாய்ப்பேச்சுதானம்மா, பத்திரமெல்லாம் யாரு எழுதுறா? நீங்கதான் கண்ணால பாத்தீகளே, பூவக் கொட்டயில நின்னீகளே." சீலை எடுத்து மையில் அழுத்தினேன். பணத்தை அவர் அவள் கையில் கொடுத்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை.

பத்து ஐம்பத்தெட்டு. நெற்றி வியர்க்கிறது. நாக்கை அழுத்திப் பார்க்கிறேன். சீனியம்மா இடது கையைப் பிடித்துவிட்டுக்கொள்கிறாள், விரல்கள் தடித்து, நகக்கண்ணெல்லாம் கறுப்பாக, பூப் பறிக்கிற விரல் இப்போது எதைப் பிடிக்கிறதோ. நிவாரணத்தோடு போயிருந்தால்கூட நான் எப்படியாவது மறந்திருப்பேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதம் நிற்கவில்லை, நடந்தது. அடுத்த தைக்கு சௌந்தரபாண்டியன் நிலத்தை விடச் சொல்லிவிட்டார். அப்போதிருந்த கிழங்கு ஊன்றி இரண்டு வருஷம்தான், இன்னும் ஒரு வருஷப் பூ இருந்தது மண்ணுக்குள். அவள் முடியாது என்றிருக்கிறாள். ஒரு காலையில் டிராக்டர் விட்டு ஓட்டிவிட்டார், கிழங்கெல்லாம் மேலே வந்து வெயிலில் வெங்காயம் மாதிரி கிடந்ததாகக் காசிமாயன் சொன்னார், நான் போய்ப் பார்க்கவில்லை. சீனியம்மா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய் மனு கொடுத்தாள், மூன்று வருஷமாக நான் பயிர் செய்கிற நிலம் என்று. மனு அங்கிருந்து தாலுகாவுக்கு வந்தது. தாலுகாவில் ஆவணத்தைத் தேடினார்கள். ஆவணம் இருந்தது. என் கையெழுத்து, என் சீல், சொந்தச் சாகுபடி. மேற்படி நிலத்தில் மனுதாரர் சாகுபடி ஏதும் செய்யவில்லை எனக் கிராம நிர்வாக அலுவலரின் சான்றிலிருந்து தெரியவருகிறது, மனு உண்மைக்குப் புறம்பானது, முடித்துவைக்கப்படுகிறது. அந்தக் கடிதம் அவளிடம் சேர்ப்பிப்பதற்காக என் மேஜைக்குத்தான் வந்தது. படித்தேன். அன்றைக்காவது ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். கடிதத்தை மடித்துக் காசிமாயனிடம் கொடுத்து, குடுத்துட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். சாயங்காலம் கைநாட்டோடு நகல் வந்தது. இடது பெருவிரல், வயலட் மை, ரேகை தேய்ந்து வெறும் வட்டமாக.

"மேடம், உங்களுக்கு டைம் ஆயிருச்சு. ஒண்ணும் செய்யலையே? நீங்க போகலாம்," என்று நர்ஸ் வாசலிலிருந்தே சொன்னாள். பதினொன்று பத்து. எழுந்திருக்க வேண்டியதுதான், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தால் அவளைப் பார்க்காமலே வாசலுக்குப் போய்விடலாம், வெளியே வேலை கிடக்கிறது, மருந்துக் குப்பி எண்ண வேண்டும், ஆன்லைனில் ஏற்ற வேண்டும். பெஞ்சைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். பதினொன்று பதினொன்று. அவள் போன பிறகு போகலாம், அவளுக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருக்கிறது, ஆறு நிமிஷம் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்க என்ன கஷ்டம், பதினாறு மாதம் இருந்தவளுக்கு. அப்போது சீனியம்மா திரும்பாமலே கேட்டாள்.

"போகலியாம்மா?"

தெரிந்திருக்கிறது. முதலிலிருந்தே தெரிந்துதான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போய் அவள் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தேன். எப்படி இருக்கீங்க என்று கேட்டேன், கேட்ட பிறகு இந்தக் கேள்வியைக் கேட்க நான் யார் என்று இருந்தது. "இருக்கேன். நூல் மில்லு ஹாஸ்டல்ல சோறாக்குறேன், இருநூறு பிள்ளைகளுக்கு. ஊசி போட்டாத்தான் உள்ள விடுவோம்னுட்டாங்க, அதான் வந்தேன்." முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும். கண்ணில் கோபம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடினேன். "அவரு," என்றேன், "அந்த நிவாரணப் பணத்தை உங்ககிட்ட குடுத்தாரா?" "யாரு?" "சௌந்தரபாண்டியன்." "எனக்கா? எனக்கு எதுக்கும்மா அவரு தரணும்?" அப்படி ஒரு பேச்சு நடந்தது என்றே அவளுக்குத் தெரியாது. அவளுக்காக நாங்கள் இரண்டு பேரும் போனில் எவ்வளவு அக்கறையாகப் பேசி முடித்தோம். "நான் எழுதினது தப்பு சீனியம்மா," என்றேன். இவ்வளவு நாள் தொண்டையில் கிடந்தது, வெளியே வந்தபோது ரொம்பச் சின்னதாக இருந்தது. "தெரியாம எழுதல. நீங்கதான் பயிர் பண்ணுறீங்கன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

"தெரியும்மா," என்றாள். "எழுதயில நீங்க நிமிந்து என்னையப் பாக்கவே இல்லையே. அப்பயே தெரிஞ்சிருச்சு."

வெளியே ஒரு குழந்தை அழுதது. என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள், நிலத்துக்கு மறுபடி ஒரு மனு எழுதலாமா என்று கேட்டேன், கேட்கும்போதே உள்ளுக்குள் ஒரு பயம் ஓடியது, சரி என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும், கோர்ட், சாட்சிக் கூண்டு, சௌந்தரபாண்டியன், மெமோ, சஸ்பென்ஷன், ஷீபாவின் கடைசி வருஷ ஃபீஸ், குவைத்தில் பாதிச் சம்பளம். தப்பு என்று சொன்ன அதே வாயோடு அவள் வேண்டாம் என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். "நெலமெல்லாம் வேணாம். தென்னங்கன்னு வச்சாச்சு, வேலி போட்டாச்சு. இனி என்ன." எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சுக்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "அந்தக் கடுதாசிதாம்மா. எம்மருமகன் வாசிச்சுச் சொன்னாரு. உண்மைக்குப் பொறம்பானதுன்னு போட்டுருக்குன்னு. அப்பிடின்னா என்னன்னேன். நீங்க பொய் சொல்லிருக்கீங்கன்னு அர்த்தம் அத்தைன்னாரு. நாப்பது நாளு பூவக் கொட்டினவம்மா நான். நெலம் போச்சு, பணம் வரல, அது எல்லாருக்கும் போறதுதான். நான் அந்தக் காட்டுல வேலையே பாக்கலன்னு எழுதிருக்கு பாருங்க. அத மட்டும் மாத்திக் குடுங்க."

அதைத்தான் கேட்கிறாள். நிலத்தைக் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்ல நூறு சட்டம் இருக்கிறது. இதற்கு ஒரு வெள்ளைத்தாள் போதும், நான் பார்த்ததை நான் எழுத வேண்டும், முன்னே எழுதியது தவறு என்று என் கையெழுத்துக்குக் கீழே எழுத வேண்டும், அந்தத் தாள் எங்கே போனாலும் என் வேலையைத்தான் தின்னும். எழுதித் தருகிறேன் என்றேன். தலை லேசாகச் சுற்றியது, ஊசியில்லை என்று இந்த முறை தெரிந்தது. "கண்டிப்பா எழுதித் தர்றேன். நாளைக்குத் திங்கட்கிழமை, ஆபீசுக்கு வந்துருங்க, சீல் வச்சே தந்துர்றேன்."

"திங்கக்கிழமைன்னுதாம்மா அப்பயும் சொன்னீக."

நான் அப்படிச் சொன்னேனா? இந்த அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன், வேன், போன், கயிறு, பேனா, கடிதம், அதில் எங்கேயும் திங்கட்கிழமை இல்லை. எழுதிய அன்றைக்கு ஆள் போனால் போதும் என்று ஏதோ சொல்லியிருப்பேன், பத்திரம் இல்லைன்னாலும் பார்ப்போம், திங்கட்கிழமை வாங்க என்று. எனக்கு வாயிலிருந்து உதிர்ந்துபோன ஒரு வார்த்தை. பையைத் திறந்து பார்த்தேன், ஆபீஸ் சாவி இருந்தது. "இப்பவே வாங்க," என்றேன். அவள் நர்ஸைப் பார்த்தாள், நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தலையாட்டினாள். காசிமாயனிடம் கால் மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பின்னால் ஏறச் சொன்னேன். "நீங்க முன்னால போங்க, நான் நடந்து வந்துர்றேன்." முன்னால் போக எனக்கு மனம் வரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளோடு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ரேஷன் கடை வாசலில் நின்றவர்கள், வி.ஏ.ஓ. வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"எத்தனை திங்கக்கிழமை வந்தீங்க?"

"நாலு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு மறுபடி சொன்னாள், வழி கேட்டவருக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாக. "நாலாவது வாரம் வெளிய பூட்டு தொங்குச்சு. சரி, அம்மா வரலைபோலன்னு திரும்பினேன். உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு."

ஊருக்குள் தொற்று பரவிவிட்டது, எவனும் உள்ளே வரக்கூடாது, என்னைய உள்ள வச்சு வெளியில பூட்டிட்டுப் போங்க என்று காசிமாயனிடம் நான் சொன்ன நாட்கள் உண்டு. எல்லாருக்கும்தான் பூட்டினேன். எல்லாருக்கும்தானா? வண்டியின் கைப்பிடி கொதித்தது. ஆபீஸைத் திறந்தேன். உள்ளே வாங்க என்றேன், கயிறு இல்லை இப்போது, இருந்தும் அவள் வாசலிலேயே நின்றாள். வெள்ளைத்தாள் எடுத்து, என் பெயர், பதவி, புல எண், எண்பது சென்ட், சம்பங்கி, சீனியம்மா மூன்று வருஷம் பயிர் செய்ததை நேரில் அறிவேன், ஊரடங்கில் பூப் பறித்துக் கொட்டியதை நேரில் கண்டேன், நான் முன்பு அளித்த சான்று தவறானது. தவறானது என்ற இடத்தில் பேனா நின்றது. அறியாமல் நேர்ந்த தவறு என்று எழுதினால் ஒரு மெமோவோடு போய்விடும். ஒரு வார்த்தைதான். எழுதவில்லை. அறிந்தே அளித்தேன் என்று எழுதினேன். எழுதிவிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், கடைசி வரியை மட்டும் இன்னொரு தரம் வாசிங்க என்றாள், வாசித்தேன். கையெழுத்துப் போட்டு சீல் வைத்தேன். தேதி போட்டீகளா என்று கேட்டாள். போடவில்லை. இன்றைய தேதியைப் போட்டேன். போடும்போது அது எவ்வளவு பிந்திய தேதி என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

மை காய ஊதிவிட்டு, நாலாக மடித்து, இடுப்புச் சுருக்குப்பைக்குள் வைத்தாள்.

"இதுக்குமேல யாரும் எதுவும் கேக்க மாட்டாகளே?"

"உங்கள யாரும் கேக்க மாட்டாங்க," என்றேன். "என்னையத்தான் கேப்பாங்க."

படியில் இறங்கப் போனவள் நின்று திரும்பி, அன்றைக்கு முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கேப்பாகளா?"

"கேப்பாங்க."

"கேக்கட்டும்," என்றாள் சீனியம்மா. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினாள்.